மருந்துக்கு முன்னாடி காகிதம் கிளம்பட்டும்: வெளிநாட்டு மருந்தை வரவழைக்க ஒரு வழிகாட்டி

"ஏனுங்க, அமெரிக்காவுல இருந்து பையன் அனுப்பிச்ச மருந்து பார்சல் ஒரு வாரமா கஸ்டம்ஸ்லயே கெடக்குதுங்க. கேட்டா ஏதோ பர்மிட் வேணும்கிறாங்க. டாக்டர் சீட்டத்தான் பொட்டிக்குள்ளயே வெச்சு அனுப்பிச்சிருக்குதே, அது போதாதுங்களா?"

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பக்கம் பல வீடுகளில் எழும் கேள்வி இது. பிள்ளைகள் வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வேலையில் இருக்கிறார்கள். இங்கே கிடைக்காத மருந்தென்றால் முதலில் அவர்களுக்குத்தான் போன் போகிறது. அவர்களும் பாசத்தோடு வாங்கி கூரியரில் போட்டுவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நேரடிப் பதில்: போதாதுங்க. கூரியரிலோ தபாலிலோ வரும் மருந்துக்கு டாக்டர் சீட்டோடு மத்திய அரசின் அனுமதிச் சீட்டும் வேண்டும். வரிச் சலுகை வேண்டுமென்றால் இன்னொரு சான்றிதழும் வேண்டும். இந்த இரண்டு காகிதத்தையும் மருந்து அங்கே கிளம்புவதற்கு முன்பே வாங்கி வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பார்சல் வந்து நின்ற பிறகு ஓடினால் பணமும் போகும், நாளும் போகும், குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்தே கெட்டும் போகலாம்.

குமாரபாளையத்தில் இருந்து ஒரு பாடம்

2021-ஆம் ஆண்டு நாமக்கல் மாவட்டம் குமாரபாளையத்தைச் சேர்ந்த ஒரு பெண் குழந்தையைப் பற்றித் தமிழ்நாடு முழுக்கப் பேசினோம். முதுகுத்தண்டு தசைநார் சிதைவு நோய், அதாவது எஸ்எம்ஏ. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும் பிறவி மரபணுக் கோளாறு அது. அதற்குச் சொல்லப்பட்ட மருந்து ஸோல்ஜென்ஸ்மா. ஒரே ஒரு முறை போடும் மரபணு சிகிச்சை. விலை சுமார் 16 கோடி ரூபாய்.

முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் நூறும் ஐந்நூறுமாகப் போட்ட பணத்தில் அந்தத் தொகை திரண்டது. ஆனால் மருந்தின் விலைக்கு மேல் இறக்குமதி வரி மட்டுமே சில கோடி ரூபாய் என்ற நிலை. வரிவிலக்குக் கேட்டு கோரிக்கைகள் மத்திய நிதியமைச்சகம் வரை போயின. 2021 ஜூலையில் விலக்கு கிடைத்தது. அதன் பிறகே மருந்து வந்தது.

அன்றைக்கு அந்த ஒரு குழந்தைக்காகத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்த சலுகை, இன்றைக்குப் பெருமளவு விதியாகவே மாறிவிட்டது. எப்படி மாறியது என்று பாருங்கள்:

• 2021 செப்டம்பர்: சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கும் ஸோல்ஜென்ஸ்மா, வில்டெப்ஸோ ஆகிய மருந்துகளுக்கு ஜிஎஸ்டி விலக்கு தர ஜிஎஸ்டி மன்றம் பரிந்துரைத்தது.

• 2023 ஏப்ரல் 1 முதல்: அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-இல் பட்டியலிட்ட எல்லா நோய்களுக்கும், சொந்த உபயோகத்துக்கு வரவழைக்கும் மருந்துக்கும் சிறப்பு மருத்துவ உணவுக்கும் அடிப்படைச் சுங்க வரி முழுவதும் நீக்கம்.

• 2023 ஜூலை: அதே மருந்துகளுக்கும் உணவுகளுக்கும் ஜிஎஸ்டி விலக்கும் தர மன்றம் பரிந்துரை.

• 2025 செப்டம்பர் 22 முதல்: பொதுவாக மருந்துகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைப்பு. புற்றுநோய், அரிய நோய் உள்ளிட்டவற்றுக்கான 36 உயிர்காக்கும் மருந்துகளுக்கு ஜிஎஸ்டியே கிடையாது.

ஆக, இன்று ஒரு குடும்பம் அமைச்சரைத் தேடி டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் ஒன்று: இந்தச் சலுகைகள் தானாக வந்து சேராது. சரியான காகிதத்தைச் சரியான நேரத்தில் நீட்டுபவருக்குத்தான் கிடைக்கும்.

முதலில் ஒரு கேள்வி: வெளிநாட்டிலிருந்துதான் வாங்கணுமா?

மருந்துச் சீட்டில் இருக்கும் வணிகப் பெயரை மட்டும் வைத்துத் தேடாதீங்க. அதே மருந்து வேறு பெயரில் இங்கேயே கிடைக்கலாம். உங்கள் டாக்டரிடம் மூலப்பெயரை எழுதி வாங்குங்கள். அந்தப் பெயரை வைத்துப் பெரிய மருத்துவமனைகளின் மருந்தகத்தில் விசாரியுங்கள்.

இதற்கும் எஸ்எம்ஏ நோயிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ரிஸ்டிப்லாம் என்ற வாய்வழி மருந்து ஒரு பாட்டில் சுமார் 6 லட்சம் ரூபாய் விலையில் இருந்தது. 2025 அக்டோபரில் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு இந்திய நிறுவனமான நாட்கோ அதே மருந்தை 15,900 ரூபாய் விலையில் வெளியிட்டது. பழைய தகவலை நம்பி வெளிநாட்டில் பணம் கட்டியிருந்தால் எவ்வளவு நஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

அரிய நோய் என்றால் இன்னொரு வழியும் உண்டு. தேசியக் கொள்கையின்கீழ் அறிவிக்கப்பட்ட உயர்சிறப்பு மையங்களில் சிகிச்சைக்கு ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்கும். கொங்குப் பகுதியிலிருந்து போய்வர வசதியான மையங்களில் ஒன்று பெங்களூரு இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனம். சொந்தப் பணத்தில் இறங்குவதற்கு முன் அங்கே பதிவு செய்ய முடியுமா என்று டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

மருந்து வர இரண்டு வாசல்

1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி, உரிமம் இல்லாமல் யாரும் மருந்து இறக்குமதி செய்யக் கூடாது. ஆனால் நோயாளி தன் சொந்த உபயோகத்துக்கு வரவழைக்க 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 36-வது விதி வழிவிடுகிறது. அந்த விதியில் இரண்டு வாசல் இருக்கிறது.

முதல் வாசல்: பயணப்பெட்டி

நீங்களே பயணம் செய்து, உங்கள் உபயோகத்துக்கான மருந்தை உங்கள் பெட்டியிலேயே கொண்டுவந்தால் முன் அனுமதி தேவையில்லை. மூன்று நிபந்தனைகள்:

1. மருந்து உங்களுடையதாகவும், உங்கள் உபயோகத்துக்கு மட்டுமானதாகவும் இருக்க வேண்டும்.

2. சுங்க அதிகாரி கேட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

3. எந்த ஒரு மருந்தும் 100 சராசரி வேளை அளவுக்கு மேல் போகக் கூடாது.

100 வேளை என்றால் என்ன கணக்கு? ஒரு வேளைக்கு ஒரு மாத்திரை, நாளுக்கு இரண்டு வேளை என்றால் 50 நாள் மருந்து. நாளுக்கு மூன்று வேளை என்றால் 33 நாளைக்குத்தான் வரும். "மூணு மாசத்துக்குச் சேர்த்து வாங்கியாந்துடலாம்"னு நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். அதைவிட அதிகம் தேவைப்படும் அபூர்வ சூழ்நிலையில் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் தனி அனுமதி கேட்கலாம். ஆனால் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

ஷார்ஜா, அபுதாபி, சிங்கப்பூர் விமானங்களில் கோவைக்கு நேராக வந்து இறங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரையைப் பிரித்துச் சின்ன டப்பாவில் கொட்டிக் கொண்டுவராதீங்க. அட்டை, பாட்டில், லேபிள் எல்லாம் அப்படியே இருக்கட்டும். டாக்டர் சீட்டும் வாங்கிய ரசீதும் கைப்பையில் இருக்கட்டும். அறிவிக்க வேண்டிய பொருள் இருந்தால் சிவப்பு வழியில் போங்கள். சுங்கத் துறையின் 'அதிதி' செயலியிலும் முன்கூட்டியே அறிவிப்புப் பதிவு செய்யலாம்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று: ஊருக்கு வரும் நண்பர் பெட்டியில் அப்பாவின் மருந்தைக் கொடுத்து அனுப்புவது. விதி சொல்வது பயணியின் சொந்த உபயோகம். நண்பரிடம் "இது யாருக்கு?" என்று அதிகாரி கேட்டால் அவருக்குத்தான் சங்கடம். அப்படித் தேவையென்றால் இரண்டாம் வாசல்தான் சரி.

இரண்டாம் வாசல்: பார்சல்

நீங்கள் கூட வராமல் மருந்து மட்டும் கூரியர், தபால், விமானச் சரக்கு என்று எந்த வழியில் வந்தாலும் அனுமதிச் சீட்டு கட்டாயம். விண்ணப்பத்துக்குப் பெயர் படிவம் 12-ஏ. கிடைக்கும் அனுமதிச் சீட்டுக்குப் பெயர் படிவம் 12-பி. இதைத் தருவது மத்திய அரசின் மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிஎஸ்சிஓ. நம்ம மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மருந்துக் கடை உரிமம் போன்றவற்றைப் பார்த்துக்கொள்கிறது. இறக்குமதி அனுமதி அவர்கள் கையில் இல்லை. அங்கே போய் வரிசையில் நின்று நாளைக் கழிக்காதீங்க.

படிவம் 12-ஏ: போனிலேயே விண்ணப்பிப்பது எப்படி?

சிடிஎஸ்சிஓ-வின் இணையதளத்துக்கு 'சுகம்' என்று பெயர். முகவரி: சிடிஎஸ்சிஓ ஆன்லைன் டாட் ஜிஓவி டாட் இன். போன் பிரவுசரிலேயே திறக்கும். பெரிய திரை இருந்தால் வசதி, அவ்வளவுதான்.

படி 1. ஆவணங்களைத் தயார் செய்யுங்கள். பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டு, நோயாளியின் அடையாளச் சான்று, முகவரிச் சான்று. தெளிவாக ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக வையுங்கள். விரல் நிழல் விழுந்த போட்டோ வேண்டாம்.

படி 2. டாக்டர் சீட்டைச் சரிபாருங்கள். இதில்தான் கவனம் அதிகம் வேண்டும். நோயாளியின் பெயர், நோயின் பெயர், மருந்தின் மூலப்பெயர், வீரியம், ஒரு நாளைக்கு எத்தனை வேளை, எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். டாக்டரின் பதிவு எண்ணும் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். "தேவைப்படும்போது" என்று மட்டும் எழுதியிருந்தால் எவ்வளவு மருந்துக்கு அனுமதி தருவது என்று அதிகாரி எப்படி முடிவு செய்வார்?

படி 3. சுகம் தளத்தில் பெயர், மின்னஞ்சல், கைபேசி எண் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். சொந்த உபயோகத்துக்கான இறக்குமதி என்ற பிரிவைத் தேர்ந்தெடுங்கள்.

படி 4. மருந்தின் பெயர், அளவு, எங்கிருந்து வருகிறது போன்ற விவரங்களை நிரப்பி ஆவணங்களைப் பதிவேற்றுங்கள். சீட்டில் உள்ள அளவும் படிவத்தில் உள்ள அளவும் ஒன்றாக இருக்கட்டும்.

படி 5. சந்தேகம் இருந்தால் கேள்வி கேட்டு அனுப்புவார்கள். அதனால் மின்னஞ்சலையும் தளத்தையும் அடிக்கடி பாருங்கள். கேள்வி வந்தது தெரியாமலே "இன்னும் வரலீங்க" என்று காத்திருப்பவர்கள் நிறைய.

படி 6. 12-பி கையில் வந்ததும் மருந்தின் பெயர், அளவு, நோயாளியின் பெயர் சரியா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து என்றால் இப்போதே திருத்திக் கேளுங்கள். அதன் பிறகுதான் "அனுப்புப்பா" என்று வெளிநாட்டுக்குச் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் இன்னும் ஒப்புதல் பெறாத மருந்தாக இருந்தாலும் நோயாளியின் சொந்தத் தேவைக்கு இந்த வழியில் விண்ணப்பிக்கலாம். உயிருக்கு ஆபத்தான நோய்க்கு அரசு மருத்துவமனையிலோ மருத்துவ நிறுவனத்திலோ சிகிச்சை பெறுகிறவர் என்றால், 2019-ஆம் ஆண்டு புதிய மருந்துகள் விதிகளின்கீழ் அந்த மருத்துவமனையே சிடி-24 படிவத்தில் விண்ணப்பித்து வரவழைக்கவும் வழி உண்டு. உங்கள் சிகிச்சை டாக்டரிடம் இதையும் கேளுங்கள்.

வரி: எவ்வளவு, எப்படிக் குறையும்?

பலர் மருந்தின் விலைக்கு மட்டும் கணக்குப் போடுகிறார்கள். சுங்கத் துறை மருந்து விலையோடு விமானக் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்த மதிப்புக்குத்தான் வரி போடும்.

ஒரு கணக்கு பார்ப்போம். எல்லாம் சேர்த்து மதிப்பு 1,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மருந்துகளுக்கு அடிப்படைச் சுங்க வரி பொதுவாக 10 சதவீதம், அதாவது 10,000 ரூபாய். இப்போது மதிப்பு 1,10,000 ஆகிவிட்டது. அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 5,500 ரூபாய். ஆக குறைந்தது 15,500 ரூபாய். இதோடு மேல்வரியும் கூரியர் நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் சேரலாம். மாதாமாதம் வாங்கும் மருந்து என்றால் வருடத்துக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

இனி சலுகைகள்:

பட்டியலில் உள்ள உயிர்காக்கும் மருந்துகளுக்கு அடிப்படை வரி 5 சதவீதமோ, முற்றிலும் இல்லாமலோ இருக்கும். இந்தப் பட்டியல் பட்ஜெட் தோறும் மாறுகிறது. உதாரணமாக 2024 ஜூலை பட்ஜெட்டில் ஒசிமெர்டினிப், டர்வாலுமாப், ட்ராஸ்டுஸுமாப் டெருக்ஸ்டெகான் ஆகிய மூன்று புற்றுநோய் மருந்துகளுக்கு முழு விலக்கு வந்தது. 2025 பட்ஜெட்டில் இன்னும் 36 மருந்துகள் சேர்ந்தன. போன வருடம் வரி கட்டினோம் என்பதற்காக இந்த வருடமும் கட்ட வேண்டுமென்று இல்லை. ஒவ்வொரு முறையும் விசாரியுங்கள்.

அடுத்தது சான்றிதழ் வழிச் சலுகை. ஒரு தனிநபர் தன் உபயோகத்துக்கு வரவழைக்கும் மருந்து உயிர்காக்கும் மருந்து என்றோ, பட்டியலிட்ட அரிய நோய்க்கானது என்றோ தகுதியுள்ள அதிகாரி சான்றளித்தால் சுங்க வரி விலக்கு கேட்கலாம். யார் சான்றளிக்கலாம்? மத்திய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம், மாநில சுகாதாரப் பணிகள் இயக்குநர், அல்லது மாவட்ட மருத்துவ அதிகாரி.

தமிழ்நாட்டில் இதற்கு நீங்கள் முதலில் அணுக வேண்டியது உங்கள் மாவட்டத்தின் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். மக்கள் பேச்சில் ஜே.டி. ஆபீஸ். இயக்குநரகம் சென்னை தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கிறது. டாக்டர் சீட்டு, நோய் விவரம் சொல்லும் மருத்துவ அறிக்கை, 12-பி நகல், மருந்தின் விலைப்பட்டியல், அடையாளச் சான்று ஆகியவற்றோடு போங்கள். சான்றிதழுக்கு சுங்க அறிவிக்கையிலேயே ஒரு வாசக வடிவம் கொடுத்திருக்கிறார்கள். அந்த வடிவத்தை அச்செடுத்துக்கொண்டு போனால் இருவருக்கும் வேலை சுலபம். வடிவம் மாறினால் சுங்கத்தில் திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு.

அவசரத்தில் சான்றிதழ் கையில் வரவில்லை, பார்சல் வந்துவிட்டது என்றால்? பதறாதீங்க. குறிப்பிட்ட காலத்துக்குள் சான்றிதழைக் கொடுக்கிறேன், தவறினால் வரியைக் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்து மருந்தை விடுவிக்கக் கேட்க விதியில் இடமிருக்கிறது. உதவி ஆணையர் அல்லது துணை ஆணையர் முடிவு செய்வார். பலருக்கும் தெரியாத வழி இது. ஆனால் இது வரிக்கான சலுகை மட்டும். 12-பி அனுமதிக்கு இப்படி "அப்புறம் தர்றேன்" என்பது எடுபடாது.

பெட்டி கிளம்பும்போது

பாதை: விமானத்தில் வரும் மருந்துக்கென்று விதிகளில் குறிப்பிட்ட விமான நிலையங்கள் உண்டு. சென்னையும் பெங்களூருவும் அதில் இருக்கின்றன. கொங்கு மாவட்டங்களுக்கு இந்த இரண்டில் ஒன்று வழியாக வரும்படி அனுப்பச் சொல்வது நல்லது.

குளிர்ச்சி: ஊசி மருந்துகள் பலவும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டியவை. குளிர்ப்பெட்டி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று அனுப்புபவரிடம் எழுத்தில் கேளுங்கள். வெள்ளிக்கிழமை இந்தியாவுக்கு வந்து சேரும்படி அனுப்ப வேண்டாம். சனி, ஞாயிறு, திங்கள்கிழமை விடுமுறை என்று சேர்ந்தால் ஐஸ் கரைந்துவிடும். குளிர்பதனக் கிடங்கில் வைக்கும்படி கூரியர் நிறுவனத்துக்கு முன்பே சொல்லுங்கள். வெப்பத்தைப் பதிவு செய்யும் சிறு கருவியைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னால், மருந்து கெட்டிருக்கிறதா என்ற சந்தேகம் வராது.

காகிதம்: 12-பி நகல், டாக்டர் சீட்டு, விலைப்பட்டியல் ஆகிய மூன்றும் பெட்டியின் வெளிப்புறம் ஒட்டிய உறையில் இருக்கட்டும். அதே மூன்றையும் கூரியர் நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். பெறுபவரின் ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள். அது வழக்கமான கேஒய்சி நடைமுறை. சொந்த உபயோகத்துக்கு என்பதால் ஏற்றுமதி இறக்குமதி எண் என்ற ஐஇசி எண் தேவையில்லை. அது இல்லையென்று யாராவது நிறுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

'கிஃப்ட்' என்று எழுதலாமா?: பாசத்தில் அப்படி எழுதி அனுப்புகிறார்கள். 2019 டிசம்பர் முதல் தபால், கூரியர் வழியாகப் பரிசுப் பொருளாக எதையும் இறக்குமதி செய்யத் தடை. விலக்கு இரண்டே இரண்டுக்குத்தான்: உயிர்காக்கும் மருந்துகள், ராக்கிக் கயிறு. ஆகவே சாதாரண வைட்டமின் மாத்திரைக்கு 'கிஃப்ட்' என்று எழுதினால் அதுவே தலைவலி. உள்ளதை உள்ளபடி, மருந்தின் பெயரோடும் உண்மை விலையோடும் எழுதச் சொல்லுங்கள். விலையைக் குறைத்து எழுதினால் மருந்து நிற்கும், அபராதமும் வரும்.

இதை மட்டும் செய்யாதீங்க

வலி மாத்திரை, தூக்க மாத்திரை விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். டிரமடால், அல்பிரசோலம் போன்றவை 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டத்தின்கீழ் வருகின்றன. டிரமடால் 2018-இல் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. "அங்க கடையில சும்மா குடுக்கறாங்க" என்பது இங்கே செல்லாது. கஞ்சா கலந்த எண்ணெய், மிட்டாய் வகைகள் சில நாடுகளில் சட்டப்படி விற்பனையாகின்றன. அதை இங்கே அனுப்பினால் பெறுபவர் பெயரில் வழக்கு வரலாம். இந்த வகை மருந்து தேவையென்றால் டாக்டரோடு பேசி இங்கேயே வாங்குங்கள்.

மருந்து மிஞ்சிவிட்டது என்று வாட்ஸ்அப் குழுவில் விற்காதீங்க. 12-பி சொந்த உபயோகத்துக்கு மட்டும். விற்பனைக்கு இறக்குமதி செய்ய, வெளிநாட்டு உற்பத்தியாளருக்கான பதிவுச் சான்றும் இறக்குமதி உரிமமும் வேண்டும். அது முற்றிலும் வேறு பாதை. நல்ல மனசோடு இன்னொரு நோயாளிக்குக் கொடுப்பதாக இருந்தாலும், குளிர்ச்சி விட்டுப்போன மருந்தா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"கஸ்டம்ஸ்ல இருந்து பேசறோம்"

பார்சலுக்குக் காத்திருக்கும் வீட்டுக்கு இப்படி ஒரு போன் வந்தால் யாருக்கும் பதற்றம்தான். அதைத்தான் மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். "உங்க பார்சலில் தடைசெய்த பொருள் இருக்கிறது, உடனே இந்த யுபிஐ எண்ணுக்குப் பணம் போடுங்க, இல்லாட்டி அரெஸ்ட்" என்பார்கள்.

சுங்க வரி எந்த அதிகாரியின் சொந்தக் கணக்குக்கும் போகாது. அது சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளம் வழியாகவோ கூரியர், தபால் நிறுவனத்தின் ரசீதோடோதான் செலுத்தப்படும். சுங்கத் துறை அனுப்பும் கடிதங்களில் டின் எனப்படும் ஆவண அடையாள எண் இருக்கும். அந்த எண் உண்மையா என்று மத்திய மறைமுக வரிகள் வாரியத்தின் இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

சில கேள்விகள், சுருக்கமான பதில்கள்

வெளிநாட்டு டாக்டர் எழுதிய சீட்டு போதுமா?
அதை இங்குள்ள உங்கள் டாக்டரிடம் காட்டி, அவருடைய சீட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். சிகிச்சையைக் கவனிக்கப் போகிறவரும் அவர்தானே.

ஒரு முறை வாங்கிய 12-பி எல்லா முறைக்கும் செல்லுமா?
அதில் எழுதியுள்ள மருந்துக்கும் அளவுக்கும் மட்டும் செல்லும். அளவு தீர்ந்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். மருந்து தீருவதற்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பியுங்கள்.

சர்க்கரை அளவு பார்க்கும் சென்சார், இன்சுலின் பம்ப் போன்ற கருவிகளுக்கும் இதே படிவமா?
இல்லீங்க. அவை 2017-ஆம் ஆண்டு மருத்துவச் சாதன விதிகளின்கீழ் வரும். சொந்த உபயோகத்துக்கான விண்ணப்பம் எம்டி-20.

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாமா?
12-பி மத்திய அரசு சேவை. ஸ்கேன் செய்யவும் அச்செடுக்கவும் அருகிலுள்ள கணினி மையத்தின் உதவியை நாடலாம். ஆனால் பதிவு உங்கள் கைபேசி எண்ணிலும் மின்னஞ்சலிலும்தான் இருக்க வேண்டும். இடைத்தரகர் எண்ணில் பதிவு செய்தால் அதிகாரியின் கேள்வியும் அனுமதியும் அவருக்குத்தான் போகும்.

எங்கே தடுமாறினாலும் யாரைக் கேட்பது?
மருத்துவ ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனை விவரங்களுக்கும் 104. மாநில அரசு அலுவலகச் சான்றிதழில் தாமதம் என்றால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100. மத்திய அரசு அலுவலகங்கள் பற்றிய குறைகளுக்கு பிஜி போர்ட்டல் எனும் பொதுக்குறை தீர்வுத் தளம்.

போனில் சேமித்து வைக்க

1. இங்கேயே கிடைக்கிறதா என்று மூலப்பெயரை வைத்து விசாரித்தாச்சா?
2. டாக்டர் சீட்டில் அளவு, வேளை, நாள், பதிவு எண் தெளிவா?
3. சுகம் தளத்தில் 12-ஏ போட்டு, 12-பி கையில் வந்தாச்சா?
4. இந்த ஆண்டு வரி எவ்வளவு என்று பார்த்தாச்சா? சான்றிதழுக்கு ஜே.டி. ஆபீஸ் போயாச்சா?
5. கூரியருக்கு எல்லா நகலும் அனுப்பியாச்சா? குளிர்ப்பெட்டி எத்தனை மணி நேரம் தாங்கும்?
6. இந்த ஐந்துக்கும் 'ஆச்சு' என்று டிக் போட்ட பிறகு வெளிநாட்டுக்கு ஒரு போன்: "இப்ப அனுப்பு கண்ணு."

குமாரபாளையத்துக் குழந்தைக்காகப் பணம் போட்டவர்களில் பலருக்கு வரி என்ற ஒன்று குறுக்கே நிற்கும் என்றே அன்று தெரிந்திருக்காது. இன்று விதி நம் பக்கம் வந்திருக்கிறது. உங்கள் தெருவில், உங்கள் மில்லில், உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் இப்படி மருந்துக்காக அலையும் குடும்பம் ஒன்று இருக்கலாம். இந்தப் பக்கத்தை அவர்களுக்கு அனுப்பி வையுங்கள். பார்சல் கிளம்புவதற்கு முன்பே அது அவர்கள் கையில் கிடைத்தால் அதுவே பெரிய உதவி.